ஒரு மழை தாண்டட்டும்

2024 செப்டம்பர் 18, புதன்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. இது புதிது. முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். ராஜையன். நன்றாக வந்திருக்கிறது. 'ஜை' மட்டும் கொஞ்சம் வயிறு பெருத்துவிட்டது. எழுபத்தோரு வயதில் வயிறு பெருக்காமல் இருக்குமா?

முதியோர் வகுப்பில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த ஜினிஷா டீச்சர், வகுப்பு முடிந்த அன்று சொன்னாள்: "பாட்டா, விட்டுராதீங்க. ஒரு நாளைக்கு ஒரு வரியாவது எழுதணும். இல்லண்ணா கை மறந்துரும்." நான் ஒரு வரியோடு நிறுத்துவதில்லை. நேரம் ஆகிறது. ஆகட்டும். எனக்கு வேறு என்ன வேலை?

வேலை இருக்கிறது, அதை எழுதத்தானே உட்கார்ந்தேன்!

மகன் அனிஷ் மஸ்கட்டிலிருந்து போன் செய்தான். இந்தப் புது வீட்டைக் கட்டித் தந்த கான்ட்ராக்டர் டைட்டஸுக்குச் சேர வேண்டிய கடைசி ஒரு லட்சத்தை என் பாங்குக் கணக்கில் போட்டிருக்கிறான். கொடுப்பதற்கு அல்ல, பிடித்து வைப்பதற்கு. பிடித்தம் என்று அதற்குப் பெயர். இங்கே எல்லா வீட்டுக்கும் இப்படித்தான். 'ஒரு மழை தாண்டட்டும்' என்பார்கள். மழைக்காலத்தில் ஒழுகினால், கீறினால், டைட்டஸ் வந்து சரி செய்ய வேண்டும். ஜனவரி கடைசியில் 'குறை இல்லை' என்று நான் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டால் பணம் அவனுக்கு.

"அப்பா, ஒங்களுக்கு இப்ப எழுதத் தெரியுமே. நீங்கதான் ஓனர்," என்றான் அனிஷ்.

நான் ஓனர்! ஜெயபாயிடம் போய்ச் சொன்னேன். "ஓனருக்க சாயா ஆறிப்போச்சு. குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வையுங்க," என்றாள். என் மனைவிக்கு நாக்கு நீளம். இதை எழுதிவைத்தது தெரிந்தால் கோபப்படுவாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நல்லது.

2024 செப்டம்பர் 21, சனி

வீட்டைச் சுற்றி வந்தேன். காதில் பென்சில். சுவரைத் தட்டினேன், கதவை மூடித் திறந்தேன், மாடிப்படியில் ஏறி இறங்கினேன். ஹால்தான் பெரிது. வெள்ளை டைல்ஸ். எட்சன் என்பவன் ஒட்டியது. டைட்டஸிடம் வேலை செய்கிறவன், பேச்சு கம்மி. ஒரு டைல்ஸ்கூட ஏற்ற இறக்கம் இல்லை. உருட்டிவிட்ட எலுமிச்சம்பழம் நேராகப் போய் எதிர்ச் சுவரில் முட்டியது.

டைட்டஸ் நல்ல வேலைக்காரன். கொத்தனாராக இருந்தவன், அடித்தளத்திலிருந்து சாவி கையில் தரும்வரை முழுதாக எடுத்துக் கட்டிய முதல் வீடு இதுதான்.

எழுதுவதற்கு ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை. சின்னதாக ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது. பொல்லாத ஆசை.

2024 அக்டோபர் 3, வியாழன்

காலையில் பேப்பரை நானே வாசித்தேன். 'பேச்சிப்பாறை' என்ற சொல்லை ஒரே மூச்சில்! கீழே என்ன போட்டிருக்கிறது என்று வாசிப்பதற்குள் மூச்சு வாங்கியது. மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல்லுக்கு அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இன்னும் வயல்தான். வாய்க்காலில் காலையிலேயே தண்ணீர் வந்துவிட்டது, உழுகிறார்கள்.

மத்தியானம் ஹாலில் சேற்று வாசனை. ஜெயபாய் ஜன்னலை மூடினாள். போகவில்லை. பினாயில் போட்டுத் துடைத்தாள். பினாயில் வாசனை போய்விட்டது, சேற்று வாசனை அப்படியே இருக்கிறது. வெளியே போய் நின்று முகர்ந்து பார்த்தேன். வெளியே அவ்வளவு இல்லை.

2024 அக்டோபர் 9, புதன்

ஹாலில் பாய் விரித்து மத்தியானம் படுத்தேன். காதுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது.

மோட்டாரை நிறுத்தினேன். தொட்டிக் குழாயை அடைத்தேன். மறுபடி படுத்தேன். ஓடுகிறது. குழாயில் ஓடுகிற சத்தம் இல்லை அது. மடை திறந்தால் சேற்றில் பரவி, தேங்கி, வரப்பில் முட்டித் திரும்புமே, அந்தச் சத்தம். அறுபது வருடமாக எனக்குத் தெரிந்த சத்தம்.

டைட்டஸை வரச் சொன்னேன். பைக்கை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். "பாட்டா, மொதல்ல காதக் கொண்டு போய்க் காட்டணும். பைப்பு போறது பாத்ரூம் பக்கமாக்கும். ஹாலுக்கு அடியில ஒரு மொழம் பைப்பு கெடையாது."

"வந்து படு."

படுத்தான். சிரித்த முகத்தோடு படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையை டைல்ஸ் மேல் வைத்து அப்படியே கிடந்தான். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். தட்ட ஒன்றும் இல்லை. "வாய்க்கால் சத்தம் ஏறி வருதாயிருக்கும்," என்றான். வாய்க்கால் ரோட்டுக்கு அப்புறம் இருக்கிறது.

போன பிறகு முதல் குறையை எழுதினேன். 'ஹாலில் தரைக்கு அடியில் வெள்ளம் ஓடுகிற சத்தம்.' எவ்வளவு நீளமான வாக்கியம்! பயமாகவும் இருந்தது. ஆனாலும் ஒரு தப்பும் இல்லாமல் எழுதினேன் என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வருமா? வந்தது.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

கோயிலில் ஆராதனையின்போது பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினேன். எல்லோரும் மூன்றாம் சரணத்துக்குப் போனபோது நான் முதல் சரணத்தில் இருந்தேன்.

ஜெயபாய்க்கு இரண்டு நாளாகக் கால்விரல் இடுக்கில் அரிப்பு. இன்று செருப்புப் போட முடியவில்லை. பார்த்தேன். சேற்றுப்புண். விரலிடுக்கு வெளுத்து, வெந்து, பிளந்திருக்கிறது. அவள் நடவுக்குப் போவதை விட்டு எத்தனையோ வருடமாகிறது. வயலில் கால் வைக்கவே இல்லை.

"ஹாலுலதான் நின்னேன், துணி மடிச்சேன். கால் குளுந்துது. கணுக்கால் வரைக்கும் குளுந்துது," என்றாள். நான் போய் நின்றேன். தரை காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் கணுக்காலைச் சுற்றிக் குளிர்ச்சி ஒரு வளையம் போலப் பிடித்தது. அதற்கு மேலே இல்லை.

மருதாணி அரைத்துப் பூசிவிட்டேன்.

2024 நவம்பர் 2, சனி

ஹாலில் நாற்று.

இதை எப்படி எழுதுவது? பார்த்ததை எழுதுகிறேன். காலையில் கதவைத் திறந்தபோது ஹாலில் டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே உள்ள கோட்டில் பச்சை. சாண் இடைவெளிக்கு ஒன்றாக, நெடுக. ஒரு விதை முளைத்தால் ஒற்றை முளையாக வரும். இவை ஒற்றை இல்லை. மூன்றும் நான்குமாகச் சேர்ந்து, கொஞ்சம் சாய்ந்து, நுனி வாடி நிற்கின்றன. பிடுங்கி நட்ட நாற்று முதல் நாள் நிற்கிற மாதிரி.

முளைத்தது இல்லை. நட்டது.

ஜெயபாய் குனிந்து பார்த்தாள். கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு, "வரிசை நேராத்தான் இருக்கு," என்றாள்.

2024 நவம்பர் 4, திங்கள்

டைட்டஸும் எட்சனும் வந்தார்கள். எட்சன் முழங்காலிட்டு ஒவ்வொரு குத்து நாற்றாகப் பிடுங்கினான். வேரில் கருஞ்சேறு, ஈரமாக. அதை விரலில் எடுத்து டைட்டஸிடம் நீட்டினான். டைட்டஸ் என்னைப் பார்த்தான்.

"பாட்டா, நீங்க நின்னு பாத்ததுதானே. செம்மண்ணு, லோடு லோடா அடிச்சு, வெள்ளம் விட்டுக் கெட்டிச்சு, மேல காங்கிரீட்டு, அதுக்கு மேல டைல்ஸு. கருஞ்சேறு எங்க இருந்து வரும்?"

உண்மை. நான் நின்று பார்த்ததுதான்.

கோடுகளைச் சுரண்டிப் புதிதாக ஏதோ பசை போட்டு அடைத்தார்கள். ஆணி அடித்தாலும் இறங்காதாம். எட்சன் எழுந்து பேண்டை மடித்துக் காட்டினான். முழங்கால் இரண்டும் வெளுத்துச் சுருங்கியிருந்தன, வெகுநேரம் தண்ணீரில் கிடந்த கை மாதிரி. பேண்டோ காய்ந்துதான் இருந்தது. கருப்பட்டிக் காப்பி கொடுத்தோம். ஹாலுக்குள் நின்று குடிக்க மாட்டேன் என்று வெளியே கொண்டுபோய்விட்டான்.

2024 நவம்பர் 5, செவ்வாய்

திரும்ப வந்துவிட்டது. எல்லாம். அதே இடத்தில். இன்று நுனி வாடவில்லை. வேர் பிடித்துவிட்டது.

2024 நவம்பர் 10, ஞாயிறு

அனிஷ் வீடியோவில் கூப்பிட்டான். போனை ஹாலை நோக்கிப் பிடித்தேன்.

"புல்லுதானே அப்பா. டைட்டஸு ஒழுங்கா வேலை செய்யல்ல. பிடித்தத்துல ஒரு பைசா குடுக்கப்பிடாது. இதுக்குத்தான் பிடிச்சு வைக்கது."

ஜெயபாய் போனை என் கையிலிருந்து வாங்கினாள். "புல்லு இல்ல மக்கா. நல்லாப் பாரு. பொதிப் பயிருக்க மேல மண்ணடிச்ச வீடாக்கும் இது."

அவன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

அதை நான் இங்கே எழுதத்தான் வேண்டும். இந்த இடம் மடையடி வயல். வாங்கியது போன கிறிஸ்மஸ் லீவில். அப்போது கும்பப்பூ நின்றது. கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் உருண்டிருக்கும் பருவம், பொதி என்போம். சூலி மாதிரி. நிற்கிற பயிரை, அதுவும் பொதியில், யாரும் மூடமாட்டார்கள். அறுத்துவிட்டுத்தான் மண்ணடிப்பார்கள். டைட்டஸும் அதைத்தான் சொன்னான்: "ரெண்டு மாசம் பொறுங்க." அனிஷுக்கு லீவு முடிகிறது. அடித்தளக் கல் போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்றான். லாரி பின்னால் வந்து மண்ணைக் கவிழ்த்தது. பயிர் சாயவில்லை. நின்றபடியே மூடியது.

"அம்மா, அந்தப் பயிருக்கும் சேத்துத்தான் நான் பைசா குடுத்தேன்," என்றான் அனிஷ் கடைசியில்.

"யாருக்குக் குடுத்த?" என்றாள் அவள்.

சிக்னல் போய்விட்டதா அவனே வைத்தானா தெரியாது.

2024 நவம்பர் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போனோம். ஜன்னலுக்கெல்லாம் கொசுவலைக் கம்பி அடித்திருக்கிறது. திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன்.

ஹாலில் கொக்குகள். வெள்ளைக் கொக்குகள். பயிருக்கு நடுவே காலைத் தூக்கித் தூக்கி வைத்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று கழுத்தை நீட்டி டைல்ஸில் கொத்தியது, எதையோ விழுங்கியது. கழுத்தில் அது இறங்குவதைப் பார்த்தேன். காய்ந்த தரையில் என்ன இருந்தது?

எங்களைப் பார்த்துப் பறக்கவில்லை. வரிசையாக எங்கள் பக்கத்தில் நடந்து வாசல் வழியே வெளியே போயின. கடைசிக் கொக்கின் கால் முட்டிவரை கறுப்பாகச் சேறு.

ஜெயபாய் பைபிளை நெஞ்சோடு பிடித்திருந்தாள். "இனிமே கதவப் பூட்டாண்டாம்," என்றாள். "பூட்டி என்னத்துக்கு?"

2024 டிசம்பர் 3, செவ்வாய்

மூன்று நாளாக அடைமழை. பழையாற்றில் வெள்ளம் ஏறிவிட்டது என்கிறார்கள். மாடி, ஜன்னல், சன்ஷேடு எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. சுவரில் ஈரம் ஏறவில்லை.

டைட்டஸ் மழையில் நனைந்துகொண்டே வந்தான். என்னோடு மாடி ஏறி, தளத்தின் அடிப்புறத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். "பாத்தியளா பாட்டா! பவுடர் போட்ட மாதிரி இருக்கு." குழந்தை மாதிரி சிரித்தான். கீழே ஹாலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

சுசீந்திரம் சாயாக்கடையில் அவனைக் கேலி செய்கிறார்களாம். "டைட்டஸு கெட்டுன வீடுண்ணா ரேஷன் கார்டு வேண்டாம்லா" என்று. வீடு கட்ட அவனிடம் பேசியிருந்த ஒருவர் வேறு ஆளைப் பார்த்துவிட்டார். "எனக்குப் பேரு போச்சு பாட்டா. பிடித்தமாவது வந்தா எட்சனுக்க கூலியத் தீத்துருவேன். நீங்க எனக்குள்ளதப் பிடிச்சா, நான் அவனுக்குள்ளதப் பிடிக்கேன். அவன் யாரப் பிடிப்பான்?"

தலை துவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். 'குறை இல்லை' என்று எழுத மூன்று நிமிடம்கூட ஆகாது எனக்கு. ஆனால் அதுதான் நான் கையெழுத்துப் போடப்போகிற முதல் எழுத்து. அது பொய்யாகவா இருக்க வேண்டும்? சத்தியமாக எழுதினால் இவன் சோற்றில் மண். எழுத்துத் தெரியாமல் இருந்தால் கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

2024 டிசம்பர் 25, புதன்

ஸ்டார் கட்டினோம். பயிர் முழங்காலுக்கு மேல். வந்தவர்களை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேக் கொடுத்தோம். உள்ளே வரட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

2025 ஜனவரி 9, வியாழன்

மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து இந்த நோட்டில் பழைய பக்கத்தைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். சரசர என்று சத்தம். பார்த்தால் ஹாலில் பயிர் முழுவதும் மேற்கிலிருந்து கிழக்காக வளைகிறது. நிமிர்கிறது. மறுபடி வளைகிறது. காற்று வயலில் ஓடும்போது அலை தெரியுமே, அதே அலை. சுவரில் தொங்கிய காலண்டர் தாள் அசையவில்லை. என் நோட்டுப் பக்கமும் அசையவில்லை.

பயந்து ஓடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருந்தது. அதையும் எழுத வேண்டும் அல்லவா?

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொதி. தண்டை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே உருண்டிருக்கிறது. ஜெயபாய் என் கையைத் தட்டிவிட்டாள்.

2025 ஜனவரி 22, புதன்

பயிர் நின்றுவிட்டது. கிழக்கே ஊரார் வயலில் கதிர் தலை நீட்டிவிட்டது. எங்கள் ஹாலில் இல்லை. நாள் போகிறது. தண்டு அதே தண்டு, பொதி அதே பொதி. இலை மட்டும் ஓரத்தில் மஞ்சளிக்கிறது. போன வருடம் லாரி வந்த நிலையில் அப்படியே காத்துக்கொண்டு நிற்கிறது. எதற்கு?

2025 ஜனவரி 24, வெள்ளி

டைட்டஸ் வந்தான். முகச்சவரம் செய்திருந்தான், முடிவோடு வந்திருக்கிறான் என்று அப்போதே தெரிந்தது. ஹால் தரையை முழுதாக உடைத்து, கீழே உள்ள மண்ணை வாரி, கம்பி கட்டி, கனமாகக் காங்கிரீட் போட்டு, மேலே புது டைல்ஸ். எல்லாம் அவன் செலவில். "முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள முடிச்சிருவேன். நீங்க பாத்துட்டு ஒப்புப் போடுங்க. குறையத் தீக்காம நான் பைசா கேக்க மாட்டேன்."

"கைல பைசா இருக்கா?"

"கடன் வாங்கணும்."

அனிஷிடம் போனில் சொல்லிவிட்டானாம். அனிஷும் உடை என்று சொல்லிவிட்டானாம். ஓனரிடம் யாரும் கேட்கவில்லை.

2025 ஜனவரி 27, திங்கள்

இன்று எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

எட்சன் உடைக்கிற மெஷினோடு வந்தான். வயரை நீட்டிப் பிளக்கில் சொருகினான். ஜெயபாய் ஹால் நடுவே போய்ப் பயிருக்குள் உட்கார்ந்துவிட்டாள். தோள்வரை பயிர்.

"அம்மா, எழும்புங்க," என்றான் டைட்டஸ்.

"ஒரு மட்டம் மூடினது போராதாலே ஒனக்கு?"

"நானா மூடச் சொன்னேன்? ஒங்க மொவன்தானே சொன்னான். நான் பொறுக்கத்தானே சொன்னேன்!"

"அப்போ இப்பமும் பொறு."

எட்சன் சுவரோரத்தில் ஒரு டைல்ஸ் மேல் மெஷினை வைத்தான். விசையை இன்னும் அழுத்தவில்லை. கீழே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. அக்டோபரிலிருந்து நிற்காத சத்தம். பழகிப்போய் நாங்கள் கேட்பதையே விட்டிருந்தோம். நின்றபோதுதான் கேட்டது. வீடு முழுக்கக் காது அடைத்த மாதிரி ஆயிற்று. பயிர் ஒரு இலைகூட அசையவில்லை. நாங்கள் நால்வரும் அசையவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற மாதிரி. யார்? எங்கேயிருந்து? காலுக்குக் கீழேயிருந்து.

எட்சன் மெஷினைத் தூக்கித் தோளில் வைத்தான். "அண்ணே, எனக்க கூலிகூட நீங்களே வச்சுக்கிடுங்க. நான் இதுல கை வைக்க மாட்டேன்."

டைட்டஸ் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "பாட்டா, நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க. என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம் மக்கா," என்றேன். "நாளைக்கு வீட்டுல இரி. நான் வாறேன்."

2025 ஜனவரி 28, செவ்வாய்

நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போனேன். பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே போனேன், ஒன்றிரண்டு தப்பிவிட்டன, பஸ் நிற்கவில்லை.

பாங்கில் பணம் எடுக்கிற சீட்டை நானே நிரப்பினேன். பெயர், தேதி, தொகை எழுத்தில். 'ஒரு லட்சம் மட்டும்.' பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் கையெழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாட்டா, போன மட்டம் கைநாட்டுதானே வச்சீங்க?" "அது போன மட்டம்," என்றேன். எழுந்து நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கைநாட்டை மாற்றிக் கையெழுத்தைப் பதிகிற பாரத்தைத் தந்தாள், அதையும் நானே நிரப்பினேன். இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்தது, அதை மறைக்க மாட்டேன்.

டைட்டஸ் வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான். காகிதத்தை நீட்டினேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதியது. 'டைட்டஸ் செய்த வேலையில் குறை இல்லை. ஹாலில் நிற்பது குறை அல்ல. பயிர். அது எங்கள் பொறுப்பு. ராஜையன்.'

இரண்டு தடவை வாசித்தான். "அனிஷு இதப் பாத்தா ஒங்கள சும்மா விடுவானா?"

"அவன் எனக்க மொவன்லே. நீ எட்சனுக்கு உள்ளதக் குடு."

2025 ஜனவரி 29, புதன்

காலையில் தண்ணீர்ச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. ஹாலில் கதிர் தலை நீட்டியிருக்கிறது. எல்லாத் தண்டிலும், ஒரே இரவில்.

2025 ஜனவரி 30, வியாழன்

அனிஷ் போனில் கத்தினான். குறையைத் தீர்க்காதவனுக்கு எப்படிக் கொடுத்தீர்கள், பிடித்தம் என்றால் என்ன என்று தெரியுமா, நாலெழுத்து தெரிந்ததும் பெரிய ஆளா. "இனி ஒங்க கிட்ட ஒண்ணும் நம்பி ஏல்பிக்க மாட்டேன்."

போட்டும். சவத்த விடு. என்னத்தச் சொல்ல? அவன் ராத்திரி பகலா ஒழச்ச பைசா. அவன் சொன்னதுல தப்பு உண்டா? இல்ல. நான் செஞ்சதுல தப்பு உண்டா? அதும் இல்ல. பின்ன எதுக்கு நெஞ்சு இப்பிடிக் கெடந்து அடிக்குது.

மார்ச்சில் வருகிறானாம். வந்து அவனே நின்று உடைப்பானாம்.

2025 பிப்ரவரி 16, ஞாயிறு

கதிர் பழுக்கிறது. ஹாலில் விளக்குப் போட வேண்டியதில்லை, சுவரெல்லாம் மஞ்சள் வெளிச்சம். பக்கத்து வீட்டார் கதவடைத்துக்கொண்டார்கள். போதகர் முற்றத்தில் நின்றே ஜெபம் செய்துவிட்டுப் போனார், கண்ணைத் திறந்தபடி.

2025 பிப்ரவரி 28, வெள்ளி

அறுத்தோம். நானும் ஜெயபாயும் மட்டும். விடியும்போது தொடங்கினோம். யாரோ எங்களுக்கு முன்னால் பிடித்துக் கொடுக்கிற மாதிரி தாள் தானாகக் கைக்குள் வந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

முற்றத்தில் அடித்துத் தூற்றினோம். ஒரு சாக்கு நிறைந்தது. இன்னொரு சாக்கு எடுத்துவந்தேன். அதுவும் நிறைந்தது. இன்னொன்று. ஹாலில் விளைந்த நெல் இவ்வளவு வராது. வீடு நிற்கிற இடம் முழுவதும் விளைந்த அளவு வந்தது.

சாயங்காலம் தரையில் காது வைத்தேன். ஒன்றும் இல்லை. வெறும் தரை.

2025 மார்ச் 1, சனி

தாள்கட்டை ஒன்றுகூட இல்லை. நேற்று அறுத்த இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும். குண்டூசி முனையால் குத்திப் பார்த்தேன், வளைந்துவிட்டது. ஜெயபாயின் கால்விரல் ஆறிவிட்டது.

2025 மார்ச் 8, சனி

அனிஷ் வந்தான். காரிலிருந்து இறங்கியவன் பெட்டியைக்கூட எடுக்காமல் வாசலில் வந்து நின்று ஹாலைப் பார்த்தான். பளபள என்று கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

"எங்க?" என்றான்.

"அறுத்தாச்சு," என்றாள் ஜெயபாய்.

என்னை நம்பாமல் பார்த்தான். "டைட்டஸு வந்து சரி பண்ணிட்டானா? அப்போ அத போன்ல சொல்லக்கூடாதா அப்பா? நான் அவ்வளவு பேசினேன்லா." அவன் குரல் இறங்கிவிட்டது. நோட்டைக் காட்டலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"தாகமா இருக்கு. வெள்ளம் தாங்கம்மா," என்று சமையலறைப் பக்கம் திரும்பினான். ஷூவைக் கழற்றினான். குனிந்து பேண்டை முழங்கால்வரை மடித்தான். பிறகு சுவரோரமாகவே, ஒரு பாதத்துக்கு முன் ஒரு பாதம் வைத்து, கை இரண்டையும் லேசாக விரித்துக்கொண்டு, ஹாலைச் சுற்றிப் போனான். மூலையில் திரும்பும்போது ஒரு கணம் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டான். நடுவில் கால் வைக்கவே இல்லை.

போனில் யாருக்கோ வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேதான் நடந்தான். தான் எப்படி நடக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.